மரையும் முறையும்

மரை என்னும் சொல் நம் மொழியில் ஒரு பொருளோடு அமைவதன்று. மலைச்சாரலில் மேயும் விலங்கு ஒன்றனைச் சங்கப் புலவர் மரை என்றனர். தாமரை என்பது தலைக்குறைந்து மரையென நிற்பதும் செய்யுள் வழக்கில் உண்டு. இரும்பாணியின் உடலைச் சுற்றி ஏணிபோல் ஏறிச் செல்லும் வரையும் மரையே. விலங்காகிய மரையைக் காண்பதற்குக் காட்டிற்குச் செல்லல் வேண்டும். மலராகிய மரையைக் காண்பதற்குக் குளக்கரைக்குச் செல்லல் வேண்டும். ஆணியின் மரையையோ இருந்த இடத்திலேயே காணலாம். நாம் அமரும் நாற்காலியும், தலைக்கு மேற் சுழலும் விசிறியும், அன்னையின் காதில் ஒளிரும் தோடும் மரையினாலேயே நிலைபெறுகின்றன. ஒருவன் மதி பிறழ்ந்து பேசினால், ‘அவனுக்கு மரை கழன்றது’ எனத் தெருவில் உள்ளோர் நகையாடுவர். மாந்தர் அறிவின் நிலைபேற்றிற்கே உவமையாகும் தகுதி அச்சிறு வரைக்கு உண்டாயிற்று.

தமிழ் பயிலும் மாணவன் இரும்பாணியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு முறுவலிப்பார் சிலர் இருத்தல் கூடும். இலக்கியச் சோலையை விட்டுப் பட்டறைப் புழுதிக்குள் நுழைவானேன் என அவர் வினவலாம். வள்ளுவர் பெருமான் வண்டியின் அச்சினை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் நினைந்தார். தேரின் அச்சாணியை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் நினைந்தார். புலவர்க்குப் பட்டறை அயலிடம் அன்று என்பதற்கு இஃதொன்றே சாலும். அன்றியும், யான் ஈண்டு எழுதுவனவற்றுட் பெரும்பாலன ஏட்டிற் கற்றன அல்ல. என் தாய்மாமன் போடிநாயக்கனூரில் நடத்திவரும் வண்டிப் பட்டறையில் கண்ணாற் கண்டனவும் கையாற் பழகினவுமே ஆகும்.

பழைய அச்சாணிக்கும் இக்காலத்து மரையாணிக்கும் உள்ள வேற்றுமை முதற்கண் கருதத்தக்கது. அச்சாணி தன் துளையில் இருந்தாற் போதும். அஃது இருக்கின்றதா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. மரையாணிக்கோ இருத்தல் மட்டும் போதாது. எவ்வளவு இறுகியிருக்கின்றது என்பதும் கேள்வியாகும். குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. குறைவினால் வரும் தீங்கை யாவரும் அறிவர். மிகையினால் வரும் தீங்கை அறிந்தவர் சிலரே. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தாளை முக்கோணமாக வெட்டி எழுதுகோல் ஒன்றின்மீது சுற்றிப் பார்த்தால், அதன் சாய்ந்த விளிம்பு கோலைச் சுற்றி மேலேறுதல் காணலாம். அதுவே மரை. மரையென்பது சுருட்டி வைத்த ஒரு சாய்வான பாதையன்றி வேறன்று. நட்டினைத் திருகுந்தோறும் அஃது அப்பாதையில் ஏறுகின்றது. பிடிக்கப்படும் பொருள் இடையில் நின்று தடுக்கும்போது ஆணி சிறிது நீள்கின்றது. இரும்பு நீளுமோ என ஐயுறல் வேண்டா. கண்ணுக்குப் புலனாகாத அளவில் அது நீளும். நீண்டது மீளவும் சுருங்க முயலும். அம்முயற்சியே பொருள்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலிமை. நாண் ஏற்றிய வில்லின் தண்டினைப் போல, முடுக்கப்பட்ட ஆணி எப்பொழுதும் தன் இயல்புக்குத் திரும்ப விழைந்துகொண்டே இருக்கின்றது.

இத்தகைய நீட்சிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குட்பட்டு நீண்ட ஆணி, தளர்த்தினால் பழைய நிலையை அடையும். எல்லை கடந்து நீண்ட ஆணி மீள்வதில்லை. அதன் இடை மெலியும். மரையின் இடைவெளிகள் அகலும். பிடிக்கும் ஆற்றல் குன்றும். ஆணியைவிட நட்டு மெலிதாயின் நட்டின் மரை வழித்துக்கொண்டு போகும். அதனையே பட்டறையில் உள்ளோர் ‘மரை போயிற்று’ என்பர். அந்நிலையில் நட்டு சுழலும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

இதில் மயக்கம் விளைப்பது ஒன்றுண்டு. முடுக்கும் ஆற்றலை 100 பங்கெனக் கொண்டால், ஏறத்தாழ 50 பங்கு நட்டின் முகம் உராய்தலிலும், 40 பங்கு மரையோடு மரை உராய்தலிலும் செலவாகும். எஞ்சிய 10 பங்கே ஆணியை இழுத்துப் பிடிக்கும் என்பது பொறியாளர் கூறும் கணக்கு. ஆதலின், கைக்குத் தோன்றும் இறுக்கம் ஆணியின் உண்மையான இறுக்கம் ஆகாது. துருவேறிய மரை, சிறிதும் பிடிக்காமலே பெரிதும் இறுகியது போலத் தோன்றும். எண்ணெய் பூசிய மரையில் உராய்வு குறைதலால், உலர்ந்த மரைக்குரிய அளவு ஆற்றலையே செலுத்தினும் ஆணி மிகைப்பட நீண்டுவிடும். கையின் சான்றை முழுவதும் நம்புதற்கில்லை என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. மரையிலும் பல குலங்கள் உள. பண்டு ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனத் தனி மரை வெட்டிக்கொண்டது. ஓரிடத்து நட்டு பிறிதோரிடத்து ஆணிக்குப் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பார் 1841-ஆம் ஆண்டில் 55 பாகைக் கோணமுடைய ஒரு பொது மரையை வகுத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பார் 1864-ஆம் ஆண்டில் 60 பாகைக் கோணமுடைய வேறொரு மரையை முன்மொழிந்தார். இரண்டாம் உலகப் போரில் தோளோடு தோள் நின்ற இவ்விரு நாட்டாரும், ஒருவர் ஆணி மற்றவர் நட்டினுள் நுழையாமையால் பெரிதும் இடர்ப்பட்டனர். அதன் பயனாக 1948-ஆம் ஆண்டில் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா ஆகிய மூன்று நாட்டாரும் கூடி ஒரே மரைக்கு உடன்பட்டனர். நம் நாட்டில் இன்று மில்லிமீட்டர் மரையே பெருவழக்கு. ஆயினும், பழைய வண்டிகளில் அங்குல மரை இன்றும் உண்டு. அங்குல மரை ஆணியில் மில்லிமீட்டர் மரை நட்டினை ஏற்றினால் முதற் சுற்று இணக்கமாகவே ஏறும், பின்பு இறுகும். அவ்விறுக்கத்தை ‘நன்றாகப் பிடிக்கின்றது’ என மயங்கி மேலும் வலிப்பவன் இரண்டு மரையையும் இழப்பான்.

பழைய வண்டிகள் என்றவிடத்து ஜீப்பு வண்டியை நினையாதிருத்தல் இயலாது. பாதையுள்ள இடத்திற்கு எவ்வண்டியும் செல்லும். பாதையில்லா இடத்திற்கும் செல்வதற்கெனப் பிறந்தது ஜீப்பு. அமெரிக்கப் படையினர் 1940-ஆம் ஆண்டில் அத்தகைய வண்டி வேண்டுமென்று கேட்டனர். போர் முடிவதற்குள் 6 இலட்சத்திற்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. நான்கு சக்கரங்களும் உந்தும் ஆற்றலுடைமையால் சேற்றையும் கல்லையும் அது பொருட்படுத்துவதில்லை. ஆனால், கல்லிலும் பள்ளத்திலும் ஓயாது குலுங்கும் வண்டிக்கு ஆணியே உயிர். சாலையில் ஓடும் வண்டியில் ஓராண்டு பொறுக்கும் குறை, மலைத்தடத்தில் ஒரு நாளும் பொறுக்காது.

போர்க்காலத்து ஜீப்பில் ஒரு புதுமை உண்டு. அதன் வலப்புறச் சக்கரத்து ஆணிகள் யாம் அறிந்த வலமரை உடையன. இடப்புறச் சக்கரத்து ஆணிகளோ இடமரை உடையன. வண்டி முன்னோக்கிச் செல்லும்போது, இடப்புறம் நின்று காண்பார்க்கு அப்புறத்துச் சக்கரம் இடஞ்சுழியாகச் சுழலும். ஓட்டத்தால் நட்டு தளராமல் இறுகுதல் வேண்டும் என்னும் கருத்தாற் செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் வண்டி செய்வோர் பெரும்பாலும் இதனைக் கைவிட்டனர். ஆயினும், அப்பழைய அமைப்பைத் தழுவிய வண்டிகள் மலையடிவாரத்து ஊர்களில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் இடப்புற நட்டினைக் கழற்ற விரும்புவோன் வலஞ்சுழியாகத் திருகுதல் வேண்டும். அறியாதோன் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகுவான்; கழற்றுவதாக எண்ணிக்கொண்டே முடுக்குவான்; வாராமை கண்டு மேலும் முடுக்குவான்.

இவ்வாறு நேர்ந்த ஒன்றினை 2024-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் கண்டேன்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதை 17 கொண்டையூசி வளைவுகளை உடையது. மேலே ஏறி எல்லை கடந்தால் கேரள நாட்டு ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கும். அத்தோட்டங்களில் ஏலம் பறிக்கும் பெண்டிர் பலர் அடிவாரத்து ஊர்களில் வாழ்வோர். விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையிற் கொண்டு, ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து மலையேறுவர். மாலையில் அவ்வாறே இறங்குவர். அவர்தம் அன்றாட வாழ்வு அந்நான்கு சக்கரங்களின்மீதே நடைபெறுகின்றது.

ஒருநாள் விடியற்காலை 4.30 மணியளவில் அத்தகைய ஜீப்பொன்று மாமாவின் பட்டறை வாயிலில் வந்து நின்றது. உள்ளே 12 பெண்டிர் இருந்தனர். இடப்புறப் பின்சக்கரத்திலிருந்து டக்டக்கென ஓசை வருவதாக ஓட்டுநர் கூறினார். முதல்நாள் மாலை வழியோரக் கடையொன்றில் பஞ்சர் ஒட்டியதாகவும், அதுவரை ஓசை இல்லையென்றும் சொன்னார். மாமா விளக்கை என் கையிற் கொடுத்துவிட்டுச் சக்கரத்தருகே குந்தினார். ஆணிகள் ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு முறிந்து, அவற்றின் அடிப்பகுதி மட்டும் சேற்றினுள் மறைந்திருந்தது. மூன்றாவதில் நட்டு இருந்தது, கையாற் சுழற்றினால் சுழன்றது, வெளியே வரவில்லை. எஞ்சிய இரண்டும் கல்லெனப் பொருந்தியிருந்தன.

நிகழ்ந்ததனை மாமா அவ்வாணிகளைக் கொண்டே படித்துவிட்டார். கடையில் இருந்தவன் காற்றால் இயங்கும் முடுக்குபொறியை வைத்து வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகியிருக்கின்றான். இரண்டு ஆணிகள் முறிந்தன. மூன்றாவதன் மரை நசுங்கிற்று. அதன்பின் திசையை உணர்ந்து எஞ்சியவற்றைக் கழற்றியிருக்கின்றான். சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது, ஐந்து செய்யவேண்டிய பணியை இரண்டு செய்யுமாறு மிகைப்பட முடுக்கி அனுப்பியிருக்கின்றான்.

“இரண்டுதான் நன்றாய்ப் பிடித்திருக்கின்றனவே அண்ணே! மூன்றாவதற்கு நூலைச் சுற்றி முடுக்கிவிடுங்கள். இன்றைக்கு ஏறி இறங்கிவிட்டால் நாளைக்குச் சரி செய்துகொள்வேன்” என்றார் ஓட்டுநர்.

“நன்றாய்ப் பிடித்திருப்பனவே எனக்கு அச்சம் தருகின்றன, தம்பி. அவை எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதை நீயும் அறியாய், நானும் அறியேன். வண்டி மலையேறாது” என்றார் மாமா.

இதனைக் கேட்ட பெண்டிர் சிலர் இறங்கி வந்தனர். அன்று வாரக் கூலி பெறும் நாள். ஏழு மணிக்குள் தோட்டத்தில் இல்லாவிடில் அரைநாட் கூலி குறைந்துவிடும். “ஒரு நட்டுக்காக 12 பேர் வயிற்றில் அடிக்கலாமா அண்ணே?” என்றாள் ஒருத்தி. அவள் சொல்லில் சினத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. மாமா உடனே விடை கூறவில்லை. அவர்களுள் முதியவள் ஒருத்தி முன்வந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். பின்பு தன் காதைத் தொட்டு, “என் தோட்டுத் திருகும் மரை போய்விட்டது; நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறேன். தோடு விழுந்தால் குனிந்து பொறுக்கலாம். இது விழுந்தால் யாரைப் பொறுக்குவது?” என்று கூறித் திண்ணையில் அமர்ந்தாள். ஏனையோரும் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்தனர்.

“விரைவாய்ச் செய்கிறேன் தாயி, ஆனால் அவசரமாய்ச் செய்யமாட்டேன்” என்றார் மாமா.

அதன்பின் அவர் செய்த பணியை யான் ஒன்றுவிடாமற் கண்டேன். இறுகிய ஆணியோடு போராடுவோர்க்குப் பயன்படுமாதலின் அதனை ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

முதலில் மரையின் வாயை இரும்புத் தூரிகையால் துடைத்து, மண்ணெண்ணெயோடு இயந்திர எண்ணெய் கலந்த கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். துரு இரும்பைவிட மிகுதியான இடத்தைக் கொள்வது. அதனால் மரையின் இடைவெளியை ஆப்புப்போல் அடைத்துவிடும். எண்ணெய் அவ்விடுக்கில் நுழைவதற்குக் காலம் வேண்டும். ஓரிரவு ஊறவிடுதல் சிறப்பு; அன்று அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே, சிறு சுத்தியால் ஆணியின் முனையை மெல்லத் தட்டிக்கொண்டே எண்ணெய் விட்டார். தட்டும் அதிர்ச்சியால் துரு விண்டு எண்ணெய்க்கு வழிவிடும் என்றார்.

அடுத்து, ஆறு பட்டையும் பொருந்தப் பிடிக்கும் பெட்டி ஸ்பேனரை மாட்டினார். வாய் அகன்ற ஸ்பேனர் நட்டின் இரண்டு பட்டைகளை மட்டும் பற்றி அவற்றின் முனையை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டு, மரை போன நட்டினும் கொடியது. கழற்றும் திசையில் உடனே வலிக்கவும் இல்லை. முதலில் இறுக்கும் திசையில் ஓர் இம்மியளவு அசைத்தார். பிறகே கழற்றும் திசையில் திருப்பினார். சிறிது வந்ததும் மீண்டும் உள்ளே செலுத்தி, மீண்டும் வெளியே வாங்கினார். இவ்வாறு முன்னும் பின்னுமாக நடத்தினால் துருப்பொடி வெளிப்படும். ஒரே மூச்சில் வாங்கினால் அப்பொடியே மரையை அறுக்கும். நீண்ட கோலால் ஒருசீராக இழுத்தார், உதைக்கவில்லை.

சுழன்றுகொண்டிருந்த மூன்றாவது நட்டினை உளிகொண்டு பக்கவாட்டிற் பிளந்து நீக்கினார். போன மரையைத் திருகித் திருகிக் கழற்ற முயல்வது வீண், பிளப்பதே வழி. சக்கரமும் அதன் உட்கிண்ணமும் இறங்கியபின், முறிந்தவற்றையும் கெட்டவற்றையும் தட்டி வெளியேற்றினார். உறுதியாய்த் தோன்றிய அவ்விரண்டு ஆணிகளையும் கழற்றியபின் என்னிடம் காட்டினார். புதிய நட்டு ஒன்றை அவற்றில் ஏற்றியபோது பாதிவரை விரலாலேயே ஏறிற்று, அதன்பின் நின்றுவிட்டது. அவ்விடத்தில் ஆணி நீண்டு மரையின் இடைவெளி மாறியிருந்தது. வெளியே வலிமையின் உருவமாய் நின்ற அவை உள்ளே இற்றுப்போயிருந்தன. மலைப்பாதையின் எந்த வளைவில் அவை விடைகொண்டிருக்கும் என்பதை எண்ணியபோது என் கை குளிர்ந்தது.

இடமரை ஆணிகள் இக்காலத்தில் கடையில் எளிதிற் கிடைப்பன அல்ல. மாமா பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவற்றை ஒரு தகரப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்தார். அவற்றினின்றும் ஐந்தினைத் தெரிந்தெடுத்துப் பொருத்தினார். நட்டுகளை விரலால் ஏறுமளவும் ஏற்றிய பின்பே ஸ்பேனரைத் தொட்டார். ஒன்றை முற்றும் இறுக்கி அடுத்ததற்குச் செல்லாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக விண்மீன் வரைவதுபோல் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். சக்கரம் கோணாமல் அமர்வதற்கு அதுவே முறை. முடிவில் டார்க் ரெஞ்சு என வழங்கும் அளவுகோல் ஸ்பேனரை எடுத்து, குறித்த அளவில் அது கிளிக்கென ஒலித்ததும் நிறுத்தினார்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன மாமா?” என வினவினேன்.

“இந்த ஒலிக்குப் பிறகு நீ செலுத்தும் ஆற்றல் சக்கரத்தைப் பிடிக்கப் போவதில்லை மருமகனே, ஆணியைக் கொல்லத்தான் போகும்” என்றார்.

அவ்வளவினைக் கணக்கிட்டுக் காண்போர்க்கு வியப்பு உண்டாகும். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எழும் முறுக்கம் ஏறத்தாழ 100 நியூட்டன்-மீட்டர். அரையங்குலச் சக்கர ஆணிக்குப் பொதுவாக வேண்டப்படுவது ஏறக்குறைய அவ்வளவே. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமீட்டர்க் கோலின் முனையில் ஏறி நின்றாலோ அது மூன்று மடங்காகும். ஸ்பேனர்மேல் ஏறி மிதிக்கும் வழக்கம் நம் ஊர்களில் எத்துணைப் பரவியுள்ளது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

வண்டி புறப்படும்போது மணி ஒன்பதை நெருங்கிற்று. மாலையில் திரும்பி வந்ததும் நட்டுகளை மீண்டும் சோதிக்குமாறு மாமா ஓட்டுநரிடம் கூறினார். புதிதாய் மாட்டிய சக்கரம் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் சற்றுப் படிந்து தளர்தல் இயல்பு. வண்டி நலமாகவே திரும்பிற்று. ஆனால், அப்பெண்டிர் இழந்த அரைநாட் கூலியை எவரும் ஈடு செய்தாரில்லை. யாரோ ஒருவன் அறியாமையாற் செய்த பிழைக்கு விலை கொடுத்தோர், அதனோடு சிறிதும் தொடர்பில்லாத ஏழைப் பெண்டிர். இயந்திரத்தின் குறை இரும்போடு நின்றுவிடுவதில்லை என்பதனை அன்றே முதன்முதலாக உணர்ந்தேன்.

மறுநாள் மாமா என்னையும் உடன்கொண்டு அவ்வழியோரக் கடைக்குச் சென்றார். சினந்து பேசுவார் என எதிர்பார்த்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞனுக்கு என் வயதே இருக்கும். மாமா சட்டைப்பையிலிருந்து இடமரை ஆணியொன்றை எடுத்து, அதன் முனையில் பொறித்திருந்த எல் என்னும் ஆங்கில எழுத்தை அவனுக்குக் காட்டினார். “பழைய ஜீப்பில் இடப்பக்கம் இந்த எழுத்து இருக்கும், கண்டால் மாற்றித் திருக வேண்டும்” என்றார். அவன் அதனை வாங்கி நெடுநேரம் பார்த்தான். “நட்டு வராவிட்டால் இன்னும் பலமாய் வலிக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள் அண்ணே, திசை வேறாய் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை” என்றான். மாமா அவ்வாணியை அவனிடமே விட்டுவிட்டு வந்தார்.

அவ்விளைஞன் கூறிய விடை என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அவன் சோம்பலுடையவன் அல்லன்; பணியிற் பின்வாங்குபவனும் அல்லன். அவனிடம் குறைந்திருந்தது முயற்சியன்று, அறிவே. அறிவில்லா ஆர்வத்தின் கேட்டினைப் பவுல் அடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் குறிக்கின்றார். அதனை யான் மறைநூலிற் பலமுறை படித்ததுண்டு. அதன் பொருளை மரையிலேயே கண்டேன். திசை அறியாத ஆற்றல் எத்துணைப் பெருகினும் அத்துணைக் கேட்டையே விளைக்கும். அவனைப் பழிப்பதினும் அவனுக்குச் சொல்லாதிருந்த நம்மைப் பழிப்பதே தகும். முதியோர் அறிந்த நுட்பங்கள் தகரப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து இளையோர் கையிற் கொடுப்பார் அருகிவிட்டனர்.

இனி, கெட்ட மரைக்கு மீட்சி உண்டோ எனின், உண்டு. இயந்திரத்தின் உடலில் உள்ள துளையின் மரை போயின், அவ்வுடலையே எறிந்துவிட வேண்டுவதில்லை. ஜீப்பின் எண்ணெய்த் தொட்டித் திருகு, அலுமினிய உறைகளைப் பிடிக்கும் ஆணிகள் முதலியன அடிக்கடி இந்நிலை எய்தும். அலுமினியம் மெலிது, எஃகு வலிது. வலியது மெலியதனை அறுத்துவிடும். அத்துளையைச் சற்றே பெரிதாக்கி, டாப்பு என்னும் கருவியால் புதிய மரை வெட்டி, ஹெலிகாயில் எனப்படும் எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே பதிப்பர். அச்சுருளின் உட்புறம் பழைய ஆணிக்கே பொருந்தும். இவ்வாறு செப்பனிட்ட துளை முன்னினும் வலிமை பெறுதல் உண்டு. ஆணி தலை முறிந்து துளைக்குள்ளே தங்கிவிடினும் வழியுண்டு. முறிந்த துண்டின்மீது நட்டொன்றை வைத்து வெல்டிங் செய்தால், பிடித்துத் திருகத் தலையும் கிடைக்கும். அவ்வெம்மையால் துருவும் விடும். சூடேறிய மரையின் வாயில் மெழுகுவத்தியைத் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே ஈர்க்கப்பட்டு வழுக்கலைத் தரும் என்பதும் பட்டறை முதியோர் கண்ட நுட்பம். பெட்ரோல் தொட்டிக்கும் பிரேக்கு எண்ணெய்க் குழாய்க்கும் அருகில் மட்டும் நெருப்பைக் கொண்டு செல்லலாகாது. முறிந்த ஆணியை வெறுத்து எறியாமல், அதன் தன்மை அறிந்து பொறுமையோடு அணுகுவோர்க்கே அது வழிவிடும்.

கல்லூரி வாழ்விலும் இவ்வுண்மை பொருந்தாமற் போகவில்லை. தேர்வு நெருங்கும் நாளில் இரவெல்லாம் விழித்துத் தம்மை முடுக்கும் மாணவரை யான் அறிவேன். விடுதியில் தம் நண்பர் தம்மையன்றிப் பிறரோடு பேசுதலும் பொறாது நட்பினை இறுக்கி அதன் மரையைப் போக்கிக்கொண்டாரையும் அறிவேன். மகன் தளர்ந்துவிடுவானோ என அஞ்சிய பெற்றோர் கண்டிப்பினை மிகுத்து, அவன் உள்ளம் நீண்டு இற்றுப்போனதை அறியாதிருத்தலும் உண்டு. இவையெல்லாம் அன்பின்மையால் விளைவன அல்ல, அளவின்மையால் விளைவன. தளர்ந்தது ஓசை செய்து தன் குறையை அறிவிக்கும். மிகைப்பட இறுகியதோ முறியுமளவும் வாய் திறவாது. ஆதலின், ஓசை செய்வாரைப் போலவே, ஓசையின்றி உறுதியாய்த் தோன்றுவாரையும் அருகிற் சென்று பார்த்தல் நம் கடமையாகும்.

தச்சர் இல்லத்தில் வளர்ந்து கருவிகளைக் கையாற் பழகிய ஆண்டவர், நம் முயற்சிக்குத் திசையும் அன்புக்கு அளவும் அருள்வாராக. மலையேறிப் பிழைக்கும் அத்தாய்மாரின் சக்கரங்கள் நாள்தோறும் நலமே சென்று நலமே மீள்வனவாக.